படிக்கட்டு இல்லாத ஊர்

ரோஜா, சாவி, குடை.
மூன்றையும் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார்
போன மாதம், காகிதத் தேர்வில்.
"யேசுபாதம் நல்லா இருக்காரும்மா" என்றார்கள்.
மறுநாள் பால் வாங்கப் போனவரை
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கண்டுபிடித்தோம்,
கையில் பிரிக்காத பாக்கெட்.
பால் திரிந்திருந்தது.

இன்றைக்கு வேறு தேர்வு.
ராயபுரம், இரண்டாவது மாடி,
லிஃப்ட் ஓடவில்லை.
படியில் மட்டும் அவர் முன்னால் போனார்,
இடது கால் இழுத்தாலும்.

நஃபீசா என்ற பெண்
கறுப்புப் பெட்டி ஒன்றை அவர் கண்ணில் மாட்டி
பின்மண்டையில் வாரை இறுக்கினாள்.
அவர் பார்ப்பது டிவியில் எனக்கும் தெரியுமாம்.
கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம்,
அவர் கண்ணுக்குள்ளிருந்து பார்ப்பது
இதுதான் முதல் தடவை.

"மருந்துக்கடைக்குப் போங்கப்பா.
அப்புறம் தபால்பெட்டி.
நடுவுல மணி அடிச்சா
எல்லாத்தையும் விட்டுட்டு
பச்சைக் கதவுக்குத் திரும்பிடணும்."
"இது எந்த ஏரியா?"
"எந்த ஏரியாவும் இல்லப்பா, கம்ப்யூட்டர்ல செஞ்ச ஊரு."
"பின்கோடு இருக்கும்ல?"
நஃபீசா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

சுத்தமான ஊர்.
ஒரு சாக்கடை மூடியும் உடையவில்லை.
மாடு இல்லை, மெட்ரோ தோண்டிய பள்ளம் இல்லை,
தலைக்கு மேல் ஒயர்ச் சிக்கல் இல்லை.
நிழல்கள் எல்லாம் சொன்ன பக்கம் விழுந்தன.
மருந்துக்கடையைத் தாண்டிப் போனார்.
திரும்பி வந்து மறுபடியும் தாண்டினார்.
அந்த முக்கை
மூன்றாம் தடவையும்
புதுசாகப் பார்த்தார்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில்
நூல் பிசிறு வெட்டுகிறவள்.
எந்த இடத்தில் அறுந்தது என்று
விரல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.
டிவியில் விரல் வைக்க முடியவில்லை.

மணி அடித்தது.
அவர் திரும்பவில்லை.
ஒரு நீலக் கதவின் முன் நின்றார்.
வலது தோள் சரிந்தது,
முழங்கால் அகன்று மடங்கியது.
இருபத்தாறு வருஷம்
தண்டையார்பேட்டை மாடிகளுக்கு சிலிண்டர் ஏற்றிய உடம்பு,
எந்த வீட்டில் எப்போது கேஸ் தீரும் என்று
சீட்டு பார்க்காமல் சொன்ன உடம்பு,
காலியான தரையில்
சத்தம் வராமல் எதையோ இறக்கிவைத்தது.
பிறகு காத்திருந்தது.

"உள்ள யாருமில்லப்பா, மேல நடங்க."
"வருவாங்கம்மா. கால் வலி அவங்களுக்கு."

யாருக்கு என்று நஃபீசா என்னைப் பார்த்தாள்.
நான் டிவியைப் பார்த்தேன்.
ஒரு நிமிஷம் நாற்பது விநாடி.
அவள் தாளில்
'வீணான நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

மூணாவது மாடிக்காரர்களுக்கு
ரெண்டாம் தரம் பெல் அடிக்க மாட்டார் என்று
சொல்லிப் பார்த்தேன்.
"ஓரத்துல எழுதிக்கிறேன் ஆன்ட்டி" என்றாள்.
எழுதினாள், பென்சிலில்.

பெட்டியைக் கழற்றியபோது
நெற்றியில் சதுரமாக ஒரு தடம்.
மார்க்கை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை,
எதிரில் உட்கார்ந்து
தலைகீழாகப் படித்துவிட்டேன்.
தனியாக வெளியே விடாதீங்க என்றாள்.
சட்டைப்பையில் விலாசம் எழுதி வையுங்க என்றாள்.
தபால்காரனுக்கே வீடு காட்டியவர் பையில்.

இறங்கும்போது
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார்.
"நாப்பத்தி நாலு" என்றார் கடைசிப் படியில்.
அப்புறம்,
"அந்த ஊர்ல ஒரு வீட்டுக்கும் படியே இல்ல, பாத்தியா?"

பார்க்கவில்லை.
அவர் கண் வழியாகத்தான் பார்த்தேன்,
ஆனாலும் பார்க்கவில்லை.

கேட்டுக்கு வெளியே
வலப்பக்கமா இடப்பக்கமா என்று நின்றுவிட்டார்.
ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்,
இன்னொரு தரமும் அடித்தான்.
நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை,
பக்கத்தில் போய் நின்றேன்.
கால் வலிக்காரி யாரோ
உள்ளேயிருந்து
வந்துகொண்டிருக்கலாம்.